1966 அலியா, 1988 டைசனா: எந்த இரவை வைத்து முடிவு செய்வது?

பழைய ரீல் (இழை தொடங்கியவர்):

முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? இந்தக் கேள்வியை எங்கே எடுத்தாலும் பேச்சு கடைசியில் தகராறில்தான் முடிகிறது. ஒருவர் மனதில் இருப்பது துள்ளித் திரிந்த 24 வயது அலி. எதிரில் இருப்பவர் நினைப்பது 1980இல் லாரி ஹோம்ஸிடம் அடி வாங்கிய அலியை. டைசனுக்கும் இதே கதைதான். 1988 டைசனைப் பற்றி ஒருவர் பேசினால், ‘1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அவரை நாக் அவுட் செய்தது தெரியாதா’ என்று பதில் வரும். ஆள் யார் என்றே முடிவாகவில்லை, அப்புறம் ஜெயித்தது யார் என்று எப்படிச் சொல்வது? அதனால் இந்த இழைக்கு இரண்டு தேதிகளை நிர்ணயம் செய்துவிடுகிறேன்.

அலிக்கு 1966 நவம்பர் 14. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றாவது ரவுண்டில் முடித்த இரவு. டைசனுக்கு 1988 ஜூன் 27. அட்லாண்டிக் சிட்டியில், அதுவரை தோற்காத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் சாய்த்த இரவு. அலி அந்தச் சண்டையில் இறங்கியபோது டைசன் பிறந்து நாலரை மாதம்தான் ஆகியிருந்தது.

உடல் கணக்கு இது: அலி 6 அடி 3 அங்குலம், கை வீச்சு 78 அங்குலம், எடை 212 பவுண்டு சொச்சம். டைசன் 5 அடி 10 அங்குலம், வீச்சு 71, எடை 218. உயரத்தில் ஐந்து அங்குலம் குறைந்தவர் எடையில் கூடுதல் என்பதைக் கவனியுங்கள்.

என் தீர்ப்பு அலி. வில்லியம்ஸ் சண்டையின் படச்சுருளைப் போட்டு, கைகளை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் பாருங்கள். பின்னால் போய்க்கொண்டே இடது, வலது என்று இரட்டைக் குத்து விடுகிறார். பின்வாங்கும்போது குத்தினால் பலம் இருக்காது என்றுதான் எந்த ஆசானும் சொல்லித் தருவார். அந்தக் குத்தில் வில்லியம்ஸ் கேன்வாஸில் மல்லாந்து கிடக்கிறார். இவரைத் துரத்திப் பிடிக்க டைசனுக்கு எட்டு ரவுண்டு போதாது. எட்டுக்கு மேல் டைசனிடம் மூச்சு இருக்காது.

---

இடது ஹூக்:

தேதியைக் கட்டிப்போட்டது நல்ல வேலை, அண்ணா. ஆனால் அலிக்கு நீங்கள் எடுத்த இரவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று எதிரில் நின்ற வில்லியம்ஸ் பழைய வில்லியம்ஸ் இல்லை. 1964 நவம்பரில் டெக்சஸ் காவலர் ஒருவர் அவரை .357 மேக்னம் துப்பாக்கியால் வயிற்றில் சுட்டார். பல அறுவை சிகிச்சைகள், ஒரு சிறுநீரகம் போயிற்று. தோட்டா உடம்புக்குள் இருக்கத்தான் அவர் ரிங் ஏறினார். அப்படிப்பட்டவரை மூன்று ரவுண்டில் வீழ்த்தியதை வைத்து அலியின் உச்சம் இதுதான் என்று சொல்வது வில்லியம்ஸுக்கும் நியாயமில்லை, அலிக்கும் நியாயமில்லை.

அடுத்தது, அலி விழுந்த இடங்கள். 1962இல் சோனி பேங்க்ஸ், முதல் ரவுண்டு. 1963 ஜூன் 18, வெம்பிளி, ஹென்றி கூப்பர், நாலாவது ரவுண்டின் கடைசி விநாடிகள். 1971 மார்ச் 8, மேடிசன் ஸ்கொயர் கார்டன், ஜோ ஃபிரேசியர், பதினைந்தாவது ரவுண்டு. மூன்றும் இடது ஹூக் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து). 1975இல் சக் வெப்னரிடம் விழுந்ததைச் சேர்க்கவில்லை, வெப்னர் காலை மிதித்ததால் விழுந்தேன் என்று அலியே சொன்னார். மற்ற மூன்றிலும் அலி கையைத் தாழ்த்திக்கொண்டு தலையைப் பின்னால் இழுக்கிறார், ஹூக் சுற்றிக்கொண்டு வந்து தாடையைப் பிடிக்கிறது. டைசனின் முதல் ஆயுதமே இடது ஹூக். கூப்பரின் எடை 190 பவுண்டுக்கும் குறைவு. அதே குத்தை 218 பவுண்டில் யோசித்துப் பாருங்கள்.

---

கார்னர் ஸ்டூல்:

பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவன் என்ற முறையில் ஹூக் தம்பி சொன்னதை விளக்குகிறேன். தலையைப் பின்னால் சாய்த்துத் தப்பிப்பது நேர்க் குத்துக்கு எதிராக நல்ல தற்காப்பு. ஜாப் (முன்னால் நீட்டிய கையால் நேராக விடும் குத்து) எவ்வளவு நீளமோ அதைவிட ஓர் அங்குலம் தள்ளி நின்றால் போதும். ஹூக்குக்கு அது உதவாது. சாயும்போது எடை முழுக்கப் பின்குதிகாலுக்குப் போகும், தாடை மேலே தூக்கும், அதற்குமேல் பின்னால் போக இடம் இருக்காது. பக்கவாட்டில் வரும் குத்து அந்த நேரத்தில் பட்டால், கால் ஊன்ற வழியில்லாததால் ஆள் அப்படியே உட்கார்ந்துவிடுவார். கூப்பர் சண்டையில் அலி கயிற்றில் சரிந்து உட்காருவதைப் பாருங்கள், நான் சொல்வது கண்ணுக்குத் தெரியும்.

இப்போது இழையின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பேருக்கும் எடுத்த இரவுகளே சரியில்லை என்பது என் கருத்து. வில்லியம்ஸ் தோட்டாவோடு வந்தார் என்றால், ஸ்பிங்க்ஸ் எடை குறைந்த பிரிவான லைட் ஹெவிவெயிட்டிலிருந்து உடம்பேற்றிக்கொண்டு வந்தவர். மணி அடிப்பதற்கு முன்பே அவர் முகம் வெளுத்துப் போயிருந்ததை இன்றைக்கும் படத்தில் பார்க்கலாம். ஒரு வீரர் ஜொலித்த இரவு எதிராளியின் கையாலாகாத இரவாகவும் இருக்கும். இரண்டு தலைமுறை வீரர்களை ஒப்பிட வேண்டுமென்றால் அவர்கள் திணறிய இரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எப்படிப்பட்ட ஆள் வந்தால் இவருக்குக் கஷ்டம் என்பது அங்கேதான் தெரியும்.

டைசன் உச்சத்தில் இருந்தபோதே திணறிய சண்டைகள் இருக்கின்றன. 1986 மே 3, ஜேம்ஸ் டில்லிஸ், பத்து ரவுண்டும் நின்றார். அதே மாதம் மிட்ச் கிரீன், அவரும் பத்து ரவுண்டு. 1987 மார்ச்சில் ஜேம்ஸ் ‘போன்கிரஷர்’ ஸ்மித் பன்னிரண்டு ரவுண்டும் கட்டிப்பிடித்தே ஓட்டினார். ஆகஸ்டில் டோனி டக்கர், பன்னிரண்டு ரவுண்டு. இதில் டக்கர் சண்டையை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். 6 அடி 5 அங்குல ஆள், முதல் ரவுண்டிலேயே கீழிருந்து மேலே தாடைக்கு ஏறும் ஓர் இடது அப்பர்கட்டில் டைசனைப் பின்னால் தள்ளுகிறார். அதன்பிறகு ஜாப், கட்டிப்பிடி, நகர், மறுபடி ஜாப். வலது கையில் காயம் இருந்தும் கடைசி வரை நின்றார். எல்லாவற்றிலும் டைசன்தான் ஜெயித்தார், சந்தேகமில்லை. ஆனால் உயரமான, நகரத் தெரிந்த, கழுத்தைப் பிடிக்கத் தெரிந்த ஆள் வந்தால் நாக் அவுட் வரவில்லை. அலியிடம் இந்த மூன்றும் உண்டு, கூடவே இவர்கள் யாரிடமும் இல்லாத கை வேகமும் உண்டு.

---

பழைய ரீல்:

வில்லியம்ஸ் உடல்நிலை தெரிந்தேதான் அந்த இரவை எடுத்தேன், தம்பி. வில்லியம்ஸ் எவ்வளவு தாங்கினார் என்பதை நான் பார்க்கவில்லை. எதிரில் யார் நின்றாலும் அலியின் கால்கள் அந்த வயதில் செய்யும் வேலையைத்தான் பார்க்கிறேன். ஆறு மாதத்திற்குள் அந்தக் கால்களை நாம் இழந்துவிட்டோம். 1967 ஏப்ரல் 28இல் ராணுவத்தில் சேர மறுத்தார், பட்டம் பறிபோனது, உரிமம் போனது, 1970 அக்டோபர் 26 வரை ரிங் கிடையாது. 25 வயதிலிருந்து 28 வரை! எந்தக் குத்துச்சண்டை வீரருக்கும் அதுதான் பொற்காலம். ஃபிரேசியரும் நார்ட்டனும் ஃபோர்மனும் சந்தித்தது அதற்குப் பிறகு வந்த அலியை. கால் போன பிறகு தாடையையும் நெஞ்சுரத்தையும் வைத்து ஜெயித்தவர் அவர். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறெரிகிறது.

கார்னர் ஸ்டூல் ஐயா சொன்ன திணறிய இரவுகள் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அலிக்கு அப்படி ஓர் இரவு என்றால் நான் ஃபிரேசியரைத்தான் எடுப்பேன். குள்ளம், தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே வருபவர், இடது ஹூக். டைசனுக்கு அவரைவிட நெருக்கமான அச்சு இல்லை.

---

இடது ஹூக்:

ஃபிரேசியர் அச்சு என்பதில் பாதிதான் உண்மை. ஃபிரேசியருக்கு வலது கை பெயருக்குத்தான். டைசனுக்கு இரண்டு கையும் ஆயுதம். வலது கையால் விலாவில் ஒரு ஹூக், அதே கையை எடுக்காமல் தாடைக்கு ஓர் அப்பர்கட். முதல் குத்துக்கு முழங்கையை இறக்கினால் இரண்டாவதற்கு வாசல் திறந்துவிடும். அலி இப்படி ஒரு ஜோடிக் குத்தை யாரிடமும் வாங்கியதில்லை.

வேகத்திலும் வித்தியாசம் உண்டு. ஃபிரேசியர் சூடாகவே மூன்று, நாலு ரவுண்டு ஆகும். ஜமைக்காவில் 1973இல் ஃபோர்மன் அவரை இரண்டு ரவுண்டில் ஆறு முறை வீழ்த்தியதற்கு அதுவும் ஒரு காரணம். டைசன் மணி அடித்த நொடியிலிருந்தே முழு வேகம். அலி எதிராளியை எடை போட இரண்டு ரவுண்டு எடுத்துக்கொள்பவர். அந்த இரண்டு ரவுண்டில்தான் டைசன் தன் சண்டைகளில் பாதியை முடித்திருக்கிறார்.

---

கார்னர் ஸ்டூல்:

சரிதான். ஆனால் அதே கத்தியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும், தம்பி. ஃபிரேசியர் பத்தாவது ரவுண்டில் முதல் ரவுண்டைவிட உக்கிரமாக வருவார். 1971இல் அலியை வீழ்த்தியது பதினைந்தாவது ரவுண்டில். டைசன் அப்படி இல்லை. ஆறு ரவுண்டு தாண்டிவிட்டால் ஜோடிக் குத்துகள் குறைந்து, ஒற்றைக் குத்தாக, பெரிய குத்தாகத் தேடுவார். தலையாட்டமும் நின்றுவிடும். 1990 பிப்ரவரி 11, டோக்கியோவில் டக்ளஸிடம் நடந்தது முழுக்க அதுதான். கார்னரில் டைசனின் பழைய பயிற்சியாளர் கெவின் ரூனி இல்லை, வீங்கிய கண்ணுக்கு ஒத்தடம் கொடுக்கக் குளிர்ந்த இரும்புகூடக் கையில் இல்லை, ரப்பர் உறையில் ஐஸ் தண்ணீரை ஊற்றி வைத்தார்கள். அதனால் அந்த இரவை 1988 டைசன் கணக்கில் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் ஜாப் அவருக்கு என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

---

யாழ்வாசி:

பொது எதிரிகளை வைத்துப் பேசுபவர்களுக்கு ஒரு விடயம். லாரி ஹோம்ஸ் அலியைப் பத்து ரவுண்டுகள் அடித்தார், அதே ஹோம்ஸை டைசன் நான்காவது ரவுண்டில் சாய்த்தார், ஆகவே டைசன் பெரியவர் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். 1980 ஒக்டோபர் 2இல் அலிக்கு வயது 38. 1988 ஜனவரி 22இல் ஹோம்ஸுக்கு வயது 38. இரண்டு சண்டையிலும் தோற்றது முப்பத்தெட்டு வயது மனிதர் என்பதைத் தவிர அந்தக் கணக்கிலிருந்து வேறெதுவும் கிடைக்காது.

ட்ரெவர் பெர்பிக்கும் அப்படியே. அலியின் கடைசிச் சண்டை 1981 டிசம்பரில் பகாமாஸில் பெர்பிக்குடன், தோல்வி. 1986 நவம்பர் 22இல் அதே பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தித்தான் டைசன் இருபது வயதில் சாம்பியன் ஆனார். அன்றிரவு பெர்பிக்கின் கார்னரில் நின்றவர் யார் தெரியுமா? அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ. இருவரையும் மிக அருகில் நின்று பார்த்தவர்களில் அவர் ஒருவர்.

என்னைக் கேட்டால் உண்மையான பாலம் ஃபுளோயிட் பேட்டர்சன்தான். டைசனை உருவாக்கிய கஸ் டாமாட்டோதான் பேட்டர்சனையும் உருவாக்கினார். இரண்டு கையையும் கன்னத்தோடு ஒட்டி, எட்டிப் பார்ப்பதுபோல் நிற்கும் அதே நிலை. 1965 நவம்பரில் அலி அவரைப் பன்னிரண்டு ரவுண்டுகள் விளையாட்டுக் காட்டித் தோற்கடித்தார். டாமாட்டோவின் முறைக்கு அலியிடம் பதில் இருந்தது.

---

இடது ஹூக்:

பேட்டர்சனை வைத்து டைசனை அளக்காதீர்கள், நண்பரே. அன்று பேட்டர்சனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, ரவுண்டுகளுக்கு நடுவில் பயிற்சியாளர் அவரைத் தூக்கிப் பிடித்து முதுகை நீவிவிட வேண்டியிருந்தது. எடையும் 200 பவுண்டைத் தொடாது. கை வைக்கும் நிலை ஒன்று என்பதற்காகக் கையில் உள்ள பலம் ஒன்றாகிவிடாது.

---

மணியோசை:

எல்லோரும் வீரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். விதி எந்த ஆண்டு விதி? 1966இல் பட்டச் சண்டை பதினைந்து ரவுண்டு. 1988இல் டைசன் - ஸ்பிங்க்ஸ் பன்னிரண்டு ரவுண்டுக்குப் போட்டது. 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் பதினான்கு ரவுண்டு மோதிய தென் கொரிய வீரர் டக் கூ கிம் இறந்துபோன பிறகு, பட்டம் வழங்கும் அமைப்புகளில் முதலில் டபிள்யூ.பி.சி. அதைப் பன்னிரண்டாகக் குறைத்தது, மற்ற அமைப்புகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. பதினைந்து ரவுண்டு என்றால் அலிக்குக் கூடுதலாக ஒன்பது நிமிடம். எட்டாவதிலேயே களைக்கிற டைசனுக்கு அது பெரிய பாரம்.

அதைவிட முக்கியம் நடுவர். 1974 ஜனவரியில் அலி - ஃபிரேசியர் இரண்டாவது சண்டை. அலி இடது கையால் ஃபிரேசியரின் பின்கழுத்தைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டே இருந்தார், நடுவர் டோனி பெரஸ் கண்டுகொள்ளவில்லை. ஃபிரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் படத்தைப் போட்டு 133 முறை என்று எண்ணிச் சொன்னார். அதனால்தான் 1975இல் மணிலாவுக்குப் போனபோது நடுவர் யார் என்பதில் அவர் பிடிவாதமாக நின்றார். பிலிப்பீன்ஸைச் சேர்ந்த கார்லோஸ் படிலா வந்தார், பின்கழுத்துக்குப் போன அலியின் கையைத் தட்டித் தட்டி விட்டார். விளைவு என்ன? அலியின் வாழ்க்கையிலேயே கொடூரமான பதினான்கு ரவுண்டுகள்.

டைசனிடம் அலி போடப்போகும் முதல் தற்காப்பு அந்தப் பின்கழுத்துப் பிடிதான். டோனி பெரஸ் நின்றால் டைசனுக்கு உள்ளே வேலை இல்லை. படிலா நின்றால் கதை வேறு. போன்கிரஷர் ஸ்மித் கட்டிப்பிடித்தபோது நடுவர் மில்ஸ் லேன் புள்ளியே வெட்டினார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

---

ரிங் ஓரம்:

இந்த மாதிரிக் கற்பனைச் சண்டையை நிஜமாகவே படம் எடுத்த கதை தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். 1967இல் மரே வொரோனர் என்ற மயாமி தயாரிப்பாளர், பல காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களின் விவரங்களை என்.சி.ஆர். 315 கணினியில் ஏற்றி, வானொலியில் ஒரு போட்டித் தொடரே நடத்தினார். அதில் அலி, ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாகக் கணினி சொல்லிவிட்டது. ரோஷம் வந்து அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்.

கடைசியில் சமாதானமாகி, 1969இல் ராக்கி மார்சியானோவும் அலியும் மயாமி ஸ்டுடியோ ஒன்றில் சேர்ந்து நடித்தார்கள். மார்சியானோ ஓய்வு பெற்றுப் பதிமூன்று வருடம் ஆகியிருந்தது. உடம்பை இளைத்து, தலைக்கு விக் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிடத் துண்டுகளாகச் சுமார் எழுபது ரவுண்டுகள் எடுத்தார்கள், முடிவும் பல விதமாக எடுத்து வைத்தார்கள். எந்த முடிவு என்று இருவருக்குமே தெரியாது. 1969 ஆகஸ்ட் 31இல் விமான விபத்தில் மார்சியானோ இறந்துபோனார், மறுநாள் அவருக்கு 46 வயது ஆகியிருக்கும். 1970 ஜனவரி 20இல் திரையரங்குகளில் போட்டபோது அமெரிக்காவில் பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட்டில் வென்றார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி வென்றார்! கணினி சொன்னதாகச் சொல்லி ஊருக்கு ஒரு முடிவு. அன்றிலிருந்து எனக்குக் கணினித் தீர்ப்பு எதிலும் நம்பிக்கை இல்லை. நீங்கள் இங்கே செய்வதுபோல் படத்தைப் பார்த்து, குத்துக்குக் குத்து வாதம் செய்வதுதான் மேல்.

அலியைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்று: 1980இல் அவர் சென்னைக்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார், எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். ஹோம்ஸிடம் தோற்ற வருடமும் அதுதான். நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் நேரில் கண்டது அந்த அலியைத்தான். 1966 அலியைப் படச்சுருளில்தான் தேட வேண்டும்.

---

பழைய ரீல்:

மணியோசை எழுதியதைப் படித்த பிறகு என் கணிப்பை ரவுண்டு வாரியாகவே வைக்கிறேன். பதினைந்து ரவுண்டு, நடுவர் இருவருக்கும் பொதுவாக நிற்பவர்.

முதல் இரண்டு ரவுண்டு டைசனுக்கு. அலி வட்டமடிப்பார், விலாவில் இரண்டு நல்ல குத்து வாங்குவார். மூன்றாவதில் ஒரு ஹூக் படும், அலி விழுவார் என்றே வைத்துக்கொள்கிறேன். இங்கேதான் இரண்டு பேரின் வரலாறும் பிரிகிறது. பேங்க்ஸிடம் விழுந்தார், எழுந்து ஜெயித்தார். கூப்பரிடம் விழுந்தார், அடுத்த ரவுண்டிலேயே கூப்பரின் புருவத்தைக் கிழித்துச் சண்டையை நிறுத்த வைத்தார். பதினைந்தாவது ரவுண்டில், ஃபிரேசியரின் வாழ்நாள் குத்தை வாங்கிவிட்டுச் சில விநாடிகளில் எழுந்து நின்றார். டைசன் டக்ளஸிடம், ஹோலிஃபீல்டிடம், லூயிஸிடம், டேனி வில்லியம்ஸிடம் விழுந்தார். விழுந்த சண்டை ஒன்றில்கூட அவர் எழுந்து ஜெயித்ததில்லை. டைசனைக் குறைத்துப் பேசவில்லை, அவர் விழுந்ததெல்லாம் உச்சம் போன பிறகு என்பதும் தெரியும். ஆனால் அடி வாங்கியபின் யோசிக்கத் தெரிந்தவர் என்று அலி நிரூபித்திருக்கிறார், டைசனுக்கு அந்த வயதில் அந்தச் சோதனையே வரவில்லை. டைசனே தொலைக்காட்சியில் அலியை அருகில் வைத்துக்கொண்டு, இவரை என்னால் ஜெயிக்க முடியாது என்ற அர்த்தத்தில் பேசியவர்தான்.

ஐந்தாவதிலிருந்து ஜாப். எட்டில் டைசனின் இடது கண் மூடும். பத்தில் நடுவர் நிறுத்துவார்.

---

இடது ஹூக்:

டைசன் அன்று பேசியது மரியாதை, அண்ணா. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேறு எப்படிப் பேசுவார்? அதைச் சாட்சியாக எடுக்க மாட்டேன்.

உங்கள் மூன்றாவது ரவுண்டை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். கூப்பர் வீழ்த்தியபோது மணி அடித்துவிட்டது. டண்டீக்கு முகர உப்பு கொடுக்க நேரம் கிடைத்தது, கையுறைக் கிழிசலைக் காட்டிக் கொஞ்சம் இழுக்கவும் முடிந்தது. ஃபிரேசியர் வீழ்த்தியபோது அவரே பதினைந்து ரவுண்டு அடி வாங்கித் தள்ளாடிக்கொண்டிருந்தார். 21 வயது டைசன், மூன்றாவது ரவுண்டில், மூச்சு முழுசாக இருக்க, மணி அடிக்க ஒரு நிமிடம் பாக்கி இருக்கும்போது அலியை வீழ்த்தினால்? எழுந்து வரும் ஆளை முடிப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரர் ஹெவிவெயிட்டில் வந்ததில்லை. பின்கழுத்தைப் பிடித்துத்தான் அலி அந்த ஒரு நிமிடத்தைக் கடத்த வேண்டும்.

நடுவில் டோனி பெரஸ் என்றால் அலி கடத்திவிடுவார், நீங்கள் சொன்ன பத்தாவது ரவுண்டுக்கு நானும் எதிர்ப்புச் சொல்ல மாட்டேன். படிலா நின்றால் என் கட்சி டைசன்தான், நாலாவது ரவுண்டுக்குள்.